கிழங்கு தோண்டியது யார்?

போன மாதம் எங்கள் பழைய இலாகாவிலிருந்து ஒரு பெண் மயிலாப்பூரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். சாகுபடிச் செலவுக் கணக்கு எடுக்கிற பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். நல்ல துடியான பெண். உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், படிவத்துல குடும்பத்துப் பொம்பளைங்க உழைப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுக்குக் கூலி போட்டு செலவுல சேர்க்கிறோம். விவசாயிங்க சிரிக்கிறாங்க மேடம். என் பொண்டாட்டிக்கு நான் எங்க கூலி குடுத்தேன்னு கேக்கறாங்க. இதைப் போய் எதுக்கு வெச்சாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பெண் மேல் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் சிரிக்கிறார்களே, அவர்கள் மேல். காப்பி கொடுத்து உட்காரவைத்து, யுத்த காலத்தில் அடையாற்றங்கரையில் உருளைக்கிழங்கு போட்ட கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "இதை எழுதிக் குடுங்க மேடம்" என்றாள். கணக்கு எழுதிப் பழகின கை, அலங்காரமெல்லாம் வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சென்னையில் உருளைக்கிழங்கா என்று கேட்பீர்கள். எங்களுக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. மலையில் விளைந்த கிழங்கெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. மயிலாப்பூர் ஓட்டல்களில் பூரிக்கு வாழைக்காயை மசித்து வைத்தார்கள். நிலம் சும்மா கிடக்கக் கூடாது, கிடைக்கிற இடத்திலெல்லாம் எதையாவது பயிரிடு என்று சர்க்கார் தண்டோரா போட்டுக்கொண்டிருந்தது. மார்கழி, தைக் குளிரில் ஆற்றங்கரை வண்டல் மண்ணில் கிழங்கு வைத்துப் பார்க்கலாம் என்று யாரோ மேலதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது. இன்று நந்தனம் என்கிறார்களே, அதற்கு அப்பால் ஆற்றை ஒட்டி அப்போது கீரைத் தோட்டங்கள் இருந்தன. அங்கே கீரை போட்டவர்களைக் கூப்பிட்டு, கிழங்கு போடுங்கள் என்றார்கள். அவர்கள் பயந்தார்கள். யார்தான் பயப்படமாட்டார்கள்? கண்ணால் கண்டிராத பயிர்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். விதைக்கிழங்கு இலாகா கொடுக்கும். விளைந்ததை இலாகாவே எடுத்துக்கொள்ளும். அவரவருக்கு என்ன செலவு ஆனதோ அதை அவரவருக்குக் கொடுத்து, மேலே கொஞ்சம் லாபமும் சேர்த்துக் கொடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செலவு என்றால் என்ன? எதைச் சேர்ப்பது, எதை விடுவது? அதை எழுதுவதற்குத்தான் எங்கள் சின்ன ஆபீஸ். மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடி.

நான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்திருந்தேன். அப்பா அச்சாபீசில் எழுத்துக் கோத்தவர். கண் மங்கிப்போய் வேலையை விட்டிருந்தார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமானால் நான் போயாக வேண்டும். பெண்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சுற்றுவதா என்று தெருவே பேசியது. பேசினவர்கள் யாரும் அரிசி வாங்கித் தரவில்லை. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. படிவம் எப்படி நிரப்புவது என்று காட்டினார்கள், அவ்வளவுதான். தோட்டத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டால் ஓட்டம் பிடிக்கும். கையில் பையோடு வருகிறவள் அம்மை குத்துகிறவள் என்று அவர்கள் நினைப்பு.

உண்மையான பயிற்சி வைத்தியநாதன் சாரிடம்தான். அவர்தான் எங்கள் ஆபீசர். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ கையில் குடை. குடிதண்ணீரைத் தன் வீட்டிலிருந்தே கூஜாவில் கொண்டுவருவார். தோட்டக்காரர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தால் கை கூப்பிவிடுவார். "அதுவும் அவா செலவுதானே? எந்தக் கட்டத்துல எழுதறது?" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னார்.

முதல் நாள் முனுசாமி என்கிற தோட்டக்காரரிடம் நான் போய் நேராகவே கேட்டுவிட்டேன். "உங்களுக்கு என்ன செலவு ஆச்சு?"

"செலவா? இன்னாம்மா செலவு? வெத நீங்க குட்த்தது. தண்ணி ஆத்துல கீது. ஏரு என் மச்சானுது. ஒண்ணியும் செலவில்ல, எழுதிக்கோ."

நானும் மடச்சி மாதிரி எழுதிக்கொண்டேன். சார் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னை மறுபடி அழைத்துக்கொண்டு போய் முனுசாமியின் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"முனுசாமி, நேத்து கார்த்தால நீ எங்க இருந்தே?"

"இங்கதான் சாமி, பாத்தி கட்டிக்கினு இருந்தேன்."

"சம்சாரம்?"

"அது தண்ணி மொண்டு ஊத்திக்கினு இருந்துச்சு."

"உன் மச்சான் ஏர் ஓட்டினானே, அவனுக்கு நீ என்ன செய்வே?"

"அவன் வரப்புல வேலைன்னா நானும் பொண்டாட்டியும் போவணும் சாமி. சும்மாவா வருவான்?"

திரும்பி வரும்போது சார் சொன்னார். "செலவுன்னு கேட்டேள்னா கையில இருந்து போன பணத்தை மட்டும் சொல்லுவா. உடம்புல இருந்து போனதைச் சொல்லமாட்டா. யார் எங்க இருந்தா, என்ன செஞ்சுண்டு இருந்தான்னு கேளுங்கோ." அன்றிலிருந்து ஓய்வு பெறுகிற வரைக்கும் நான் யாரிடமும் செலவு என்ற வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை.

அவரிடம் இன்னொரு கண்டிப்பு உண்டு. அறுவடை முடிந்ததும் தோட்டக்காரர்கள் எல்லாரையும் ஆற்றங்கரைக் கொட்டகைக்கு வரச்சொல்லி, ஒவ்வொருவர் கணக்கையும் எல்லார் முன்னாலும் உரக்க வாசிப்பார். சம்பந்தப்பட்டவர் ஒவ்வொன்றுக்கும் 'ஆமாம்' சொல்ல வேண்டும். ஆமாம் சொல்லாததை அடித்துவிடுவார். பக்கத்துத் தோட்டத்துக்காரன் காதில் விழும்போது யாரும் கூட்டிச் சொல்லமாட்டான், குறைத்தும் சொல்லமாட்டான் என்பது அவர் எண்ணம். பெண்கள் வேலைக்கும் அப்படித்தான். முனுசாமி ஆமாம் சொன்னால் அவர் மனைவிக்குக் கூலி உண்டு. நல்ல முறைதான். ஆனால் கரீம் பாய் விஷயத்தில் அது கழுத்தைப் பிடித்தது.

கரீம் பாய் தோட்டம் கடைசியில், ஆறு வளைகிற இடத்தில் இருந்தது. கீரையும் முள்ளங்கியும் போட்டு மாம்பலம் மார்க்கெட்டில் விற்பவர். ராயப்பேட்டைப் பக்கம் ஒரு காலத்தில் கடை வைத்திருந்த குடும்பம், நொடித்துப்போய் மண்ணுக்கு வந்தது. நிலம் மயிலாப்பூர் வக்கீல் ஒருவருடையது. வக்கீல் அப்போதே மனை போட்டு விற்கிற யோசனையில் இருந்தார். தியாகராய நகர் நாளுக்கு நாள் ஆற்றைப் பார்த்து வளர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷக் குத்தகையை மொத்தமாக முன்னாலேயே கட்டினால் நிலம் பாய்க்கு, இல்லாவிட்டால் மனைக்கு என்று சொல்லிவிட்டார். கிழங்குக்கு இலாகா கொடுக்கப்போகிற பணத்தைத்தான் பாய் நம்பியிருந்தார். அது குறைந்தால் நிலம் போய்விடும்.

சார் வழக்கம்போலக் கேட்டார். "வீட்டுல யார் யார் வேலை செய்யறா பாய்?"

"நான் ஒருத்தன்தான் சார். எங்க வூட்டுப் பொம்பளைங்க மண்ணத் தொடமாட்டாங்க. கோஷா, வெளியாம்பளைங்க கண்ணுல படமாட்டாங்க."

சொல்லும்போது நிமிர்ந்து நின்று சொன்னார். எல்லாம் போன மனிதரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு பேச்சுதான். மற்ற தோட்டக்காரர்களும் அதற்காகவே அவருக்கு ஒரு மரியாதை கொடுத்தார்கள். சார் மேலே கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "நீங்க உள்ள போய்ப் பேசிண்டு வாங்கோ" என்றார்.

வீட்டை மறைத்துத் தொங்கிய கோணித் திரையை விலக்கிக்கொண்டு போனேன். பாயின் மனைவி மைமூன் பீ வாசல்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயசுக்கு மேல் இருக்கும்.

"வாம்மா. டீச்சரா?"

"இல்லீங்க."

"அப்ப ஊசி போட்றவளா?"

"கணக்கு எழுத வந்தேன்."

"அரே, கணக்கா!" என்று சிரித்துவிட்டு, முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். "வா, காட்றேன்."

வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தைச் சுற்றிக் கீற்றுத் தட்டி கட்டியிருந்தது. ஆட்டுக்கும் காற்றுக்கும் கட்டியது என்று நாங்கள் நினைத்திருந்தோம். உள்ளே போனால், கரை கரையாக மண்ணைக் குவித்துப் பார் அணைத்து, ஒரு களை இல்லாமல், கிழங்குச் செடி முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. தட்டிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் பாய் ஆற்றுத் தண்ணீரைச் சுமந்துவந்து வைப்பார். இந்தப் பக்கம் மைமூன் வாங்கி ஊற்றுவாள். நட்டது அவள், மண் அணைத்தது அவள். பாயும் சும்மா இருக்கிற மனிதர் இல்லை. விடிந்தால் கீரைக்கட்டோடு மார்க்கெட்டுக்கு நடப்பார். ஆனால் கிழங்குத் தோட்டம் மைமூனுடையது, அதில் சந்தேகமே இல்லை.

அறுவடைச் சமயத்தில் மறுபடி போனேன். செடியை அடியோடு அறுத்துவிட்டு, தண்ணீரை நிறுத்திச் சில நாள் காயப்போட்டிருந்தாள். தோல் கெட்டிப்பட வேண்டும், இல்லாவிட்டால் கை பட்ட இடமெல்லாம் உரிந்துபோகும். மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, பாரின் பக்கவாட்டில் விரல்களை நுழைத்துத் துழாவினாள். கண் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. விரல்தான் தேடியது.

"கீது, கீது. இந்தா, தொப்புளு." கிழங்கைச் செடியோடு சேர்த்திருக்கிற மெல்லிய கொடியை அவள் தொப்புள் என்றுதான் சொல்லுவாள். அதை நகத்தால் கிள்ளிவிட்டு, கிழங்கை அலுங்காமல் எடுத்து மடியில் வைத்தாள். "மம்மட்டி போட்டா வெட்டு வுழும்மா. வெட்டு வுழுந்தத உங்க ஆபீசுல தள்ளிடுவாங்களாமே. அதான் கையாலயே எட்க்கறேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து தோண்டிப் பார்த்தேன். சிறிது நேரத்தில் இடுப்பு கழன்றுபோனது. அவள் நகங்கள் பிளந்து, பிளவுக்குள் மண் ஏறிக் கறுத்திருந்தன. உள்ளங்கையில் பழைய மருதாணி ஆரஞ்சாக இன்னும் தெரிந்தது. கிழங்கு பெரிதாக இல்லை. எங்கள் ஊர் வெக்கைக்கு அவ்வளவுதான் வரும். அதையும் பிள்ளையைத் துடைப்பது போல முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

சார் பாயின் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தார். கிழங்குகளைக் கையில் எடுத்து உருட்டினார். "இத்தனை கிழங்குல ஒரு வெட்டுக்கூட இல்லையே பாய்?"

"பாத்துத் தோண்டினேன் சார்" என்றார் பாய். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சார் மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டார்.

ஆபீசுக்குத் திரும்பியதும் நான் பார்த்ததெல்லாம் சொன்னேன். "எழுதிடலாம் சார். நான் கண்ணால பார்த்தேன். கூடவே உட்கார்ந்து தோண்டினேன்."

"எழுதிடலாம்" என்றார் சார். "ஆனா வாசிக்கணுமே. அத்தனை பேர் முன்னால நான் வாசிச்சா, அந்த மனுஷன் நாளைக்கு எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? வாசிக்காம எழுதினா அது கணக்கே இல்லை." குடையின் பிடியைத் தேய்த்தார். பிறகு, "அந்தம்மாவையே கேட்டுண்டு வாங்கோ" என்றார்.

போனேன். விஷயத்தைச் சொன்னேன். எழுதினால் பணம் கூடும், நிலம் நிற்கும். ஆனால் கொட்டகையில் எல்லார் காதிலும் விழும். மைமூன் கேட்டுக்கொண்டே அடுப்பு விறகைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கு வெக்கம் ஒண்ணியும் இல்லம்மா. என் கை, என் வேலை. ஆனா நான் சொன்னா அது சண்ட ஆவும். நீ சொன்னா கோள் ஆவும். அவரு வாயால சொல்லட்டும். சொன்னா எழுதிக்கோ. சொல்லாங்காட்டி வுட்டுடு."

"நிலம் போயிடுமே?"

"போவும்" என்றாள்.

கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். எல்லாரும் ஆம்பிளைகள், என்னைத் தவிர. சார் ஒவ்வொருவர் கணக்கையும் வாசித்துக்கொண்டே வந்தார். ஆமாம், ஆமாம் என்று குரல் வந்துகொண்டிருந்தது. பாயின் முறை வந்தது. உழவு, ஆமாம். தட்டி கட்டியது, ஆமாம். மூட்டை சுமந்தது, ஆமாம். அதற்கப்புறம் சார் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"தோண்டினது யாரு பாய்?"

"நான்தான் சார்."

"தனியாவா?"

முனுசாமிக்கு வாய் சும்மா இருக்குமா? "பாய்க்கு பத்து கையி சார். மார்க்கெட்லயும் இருப்பாரு, தோட்டத்துலயும் இருப்பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சார் தலையை நிமிர்த்திப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பாய், இந்த இடத்துல நான் ஒண்ணும் எழுதலை. காலியா விட்டிருக்கேன். நீங்க என்ன சொல்றேளோ அதைத்தான் எழுதுவேன். சொல்லாட்டாலும் சரி, அடுத்தவர் கணக்குக்குப் போயிடறேன்."

பாய் தொப்பியைக் கழற்றினார். வேர்வையைத் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். சொல்லிவிடேன் ஐயா, சொல்லிவிடேன் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"என் சம்சாரம் தோண்டுச்சு சார்." குரல் முதலில் கிசுகிசுப்பாக வந்தது. பிறகு முனுசாமியின் பக்கம் திரும்பி, கொட்டகைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "மைமூன் தோண்டுச்சு. நட்டதும் மைமூன், தண்ணி ஊத்துனதும் மைமூன். நான் தண்ணியும் மூட்டையும் தூக்கினேன், அவ்ளோதான். எழுதிக்கோ சார்."

கோஷாக் குடும்பத்தில் பிற ஆண்கள் நடுவே மனைவி பெயரைச் சொல்லும் வழக்கம் கிடையாது. அங்கிருந்த எல்லாருக்கும் அது தெரியும். முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார். "தப்பா நெனச்சுக்காத நைனா" என்று முணுமுணுத்தார். சார் எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தார். பாய் 'ஆமாம்' என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதைச் சந்தோஷமாக எழுதியிருப்பேன். கணக்கெல்லாம் மேலே போனது. எல்லாம் ஒப்புதலாகி வந்தது, பாயினுடையதைத் தவிர. மைமூனின் கூலியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். பக்கத்தில் காரணம் வேறு. மற்றவர்கள் வீட்டுப் பெண்கள் வெளியே கூலிக்குப் போகக்கூடியவர்கள், சொந்தத் தோட்டத்தில் வேலை செய்ததால் அந்தக் கூலியை இழந்தவர்கள். இவள் கோஷாப் பெண், கூலிக்குப் போகும் வழக்கமில்லாதவள். ஆகவே அவள் இழந்தது ஒன்றுமில்லை, செலவும் இல்லை.

வைத்தியநாதன் சார் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "கூலிக்குப் போகமாட்டா, சரி. அவ தோண்டாம இருந்தா கிழங்கு தானா எழுந்து மூட்டைக்குள்ள போய் உக்காருமா?" என்று மேஜையைத் தட்டினார். கூஜா உருண்டு விழுந்தது. இதையே மரியாதையான பாஷையில் மேலே எழுதினார். அதே பதில் வந்தது. நேரில் போனார், உட்காரச் சொல்லக்கூட இல்லையாம். இன்றைக்கு அந்தக் கட்டம் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறது. கோஷாவா, இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. பல வருஷம் கழித்து வந்த மாற்றம் அது. அதற்குள் சார் காலமாகிவிட்டார்.

கரீம் பாய்க்கு வேறு வழியில்லை. வந்த பணம் குத்தகைக்குப் போதவில்லை. வக்கீல் ஆள் வந்து மனைக் கல் நட்டுவிட்டுப் போனான். சாரும் நானும் விடைகொடுக்கப் போனோம். அவர் வெளியே பாயிடம் நின்றார். என்ன பேசினாரோ, தெரியாது. நான் உள்ளே போனேன்.

மைமூன் பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். கீற்றுத் தட்டியைப் பிரித்து மடக்கி வைத்திருந்தார்கள். தோட்டம் திறந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க, உங்க கூலியை அடிச்சுட்டாங்க" என்றேன்.

"தெரியும். அழாத." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "ஆமா, அன்னிக்குக் கொட்டாயில அவரு இன்னா சொன்னாரு? வூட்டுக்கு வந்து ஒண்ணியும் சொல்லல. நானும் கேக்கல."

"என் சம்சாரம்தான் தோண்டுச்சுன்னார். மைமூன்னு சொன்னார்."

கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தாள்.

"பேரையா?"

"பேரைத்தான். ஒரு தடவை இல்லை. நட்டதும் மைமூன், தண்ணி ஊத்தினதும் மைமூன்னு."

"அத்தினி ஆம்பளைங்க முன்னாடி?"

"ஆமாங்க."

"மெள்ளவா சொன்னாரு, சத்தமாவா?"

"சத்தமா. வெளியே நின்னவங்களுக்கும் கேட்டுது."

முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் பக்கத்தில் வந்து, கட்டிவைத்த கோணி மேலேயே உட்கார்ந்தாள்.

"இன்னொரு தபா சொல்லும்மா" என்றாள்.